நைட்ரோபென்சீன் வளையத்துல கோணம் 120 வரல, அப்போ அரோமேட்டிக் தன்மை குறைஞ்சிடுச்சா?

வளையம்_தேடி:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். ப்ராஜெக்ட்டுக்காக பதிலீடு ஆன (ஹைட்ரஜனுக்கு பதிலா வேற தொகுதி ஒட்டின) பென்சீன் வளையங்களை லேப்டாப்லயே டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வெச்சு மூலக்கூறைக் கணக்கு போடற முறை) போட்டு, நிலையான வடிவம் வர்ற வரைக்கும் ஆப்டிமைஸ் பண்ணிட்டு இருக்கேன். வெறும் பென்சீன் போட்டா அழகா வருது, ஆறு கார்பன்-கார்பன் பிணைப்பும் 1.39 ஆங்ஸ்ட்ராம், ஆறு கோணமும் 120, ப்ளஸ் டூ புக்ல என்ன படிச்சோமோ அப்படியே. ஆனா நைட்ரோபென்சீன் போட்டா நைட்ரோ ஒட்டியிருக்கிற கார்பன்ல, வளையத்துக்குள்ள பார்க்கிற கோணம் 122.4 வருது. டொலுயீன்ல அதே இடத்துல 118.2. முதல்ல இன்புட் தப்புன்னு நினைச்சு மூணு தடவ திரும்ப ஓட்டினேன், பேசிஸ் செட் மாத்திப் பார்த்தேன், ஃப்ரீக்வென்சி ஓட்டினேன் அதுல கற்பனை அதிர்வெண் ஒண்ணுகூட இல்ல, அதாவது வடிவம் நிலையானதுதான், ஆனாலும் கோணம் அசையவே மாட்டேங்குது.

டிபார்ட்மென்ட்ல ஒருத்தர்கிட்ட காட்டினப்போ "அரோமேட்டிக்னா ஒழுங்கான அறுகோணம், உன் கணக்கு ஒழுங்கா முடியல"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. எனக்கு அதுல மனசு ஒப்பல. இது நிஜமாவே அப்படித்தான் இருக்குமா, இருந்தா நைட்ரோ ஏன் விரிக்குது மீத்தைல் ஏன் சுருக்குது, எல்லாத்துக்கும் மேல கோணம் கெட்டுப் போனா அரோமேட்டிக் தன்மையும் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த மாசம் வைவா இருக்கு.

படிகக்காரன்:

தம்பி, உன் கணக்குல தப்பு இல்ல, மறுபடி மறுபடி ஓட்டாத. நான் எக்ஸ்-ரே படிக அமைப்பு பார்க்கிற வேலையில இருக்கேன், பதிலீடு ஆன பென்சீன் வளையம் எத்தனையோ பார்த்தாச்சு, சரியா 120 இருக்கிற வளையம்தான் அபூர்வம். ஃப்ளூரோபென்சீனை வாயு நிலையில மைக்ரோவேவ் நிறமாலை வெச்சு அளந்திருக்காங்க, ஃப்ளூரின் இருக்கிற கார்பன்ல 123.4 டிகிரி, அதுக்கு ரெண்டு பக்கத்துலயும் 118-ஐ ஒட்டி, அதுக்கடுத்த ரெண்டும் 120-க்கு கொஞ்சம் மேல, நேர் எதிர்ல 120-க்கு ஒரு துளி கீழ. கூட்டிப் பாரு, தட்டையான அறுகோணத்துக்கு 720-தான் வரணும், ஒரு இடத்துல விரிஞ்சா பக்கத்துல சுருங்கித்தான் ஆகணும். உன் நைட்ரோபென்சீன் ஃபைலைத் திறந்து பக்கத்து கார்பன் கோணத்தைப் பாரு, 118-க்கும் 119-க்கும் நடுவுல எங்கயாவது இருக்கும்.

ஏன் விரியுதுன்னு கேட்ட. ஒரு கார்பன்கிட்ட எஸ் ஆர்பிட்டால் பங்கு மொத்தம் ஒண்ணுதான் இருக்கு, அதை மூணு சிக்மா பிணைப்புக்கும் (ரெண்டு அணுவுக்கும் நேர் நடுவுல இருக்கிற பிணைப்பு) பிரிச்சுக் குடுக்கணும். பென்சீன்ல மூணுக்கும் கிட்டத்தட்ட சமமா போகுது, அதான் எஸ்பி2, அதான் 120. இப்போ வெளியில எலக்ட்ரானை இழுக்கிற ஆள் வந்து ஒட்டினா, ஃப்ளூரினோ நைட்ரோவோ, கார்பன் அந்தப் பக்கம் பி பங்கை அதிகமா அனுப்பும், ஏன்னா பி ஆர்பிட்டால்ல இருக்கிற எலக்ட்ரான் கருவுக்கு தூரம், எப்படியும் அங்க போகப் போற எலக்ட்ரானுக்கு நல்ல எஸ் பங்கை செலவு பண்றதுல கார்பனுக்கு லாபம் இல்ல. மிச்சம் ஆன எஸ் பங்கு வளையத்துக்குள்ள இருக்கிற ரெண்டு பிணைப்புக்கும் வருது. எஸ் பங்கு கூடினா அந்த ரெண்டுக்கும் நடுவுல கோணம் விரியும், பிணைப்பும் ஒரு துளி குட்டையாகும். மீத்தைல், சிலிக்கான் தொகுதி மாதிரி எலக்ட்ரானைக் குடுக்கிற ஆளா இருந்தா அப்படியே தலைகீழ். இதுக்குப் பேர் பென்ட் விதி. இதை பென்சீன் வளையத்துக்கு ஒழுங்கா பொருத்தி 1975-ல டொமெனிக்கானோ, வாச்சியாகோ, கூல்சன் மூணு பேரும் எழுதின கட்டுரைதான் இந்த விஷயத்துக்கே அஸ்திவாரம், நிறைய படிகத் தரவை எடுத்து, ஒட்டியிருக்கிற தொகுதியோட எலக்ட்ரான் கவர் தன்மைக்கும் அந்த கோணத்துக்கும் இருக்கிற தொடர்பை காட்டினாங்க. வைவால இதை சொல்லு.

நெட்_தயாரிப்பு:

அண்ணா ஒரு சந்தேகம். ஃப்ளூரின் தனி ஜோடி எலக்ட்ரானை வளையத்துக்கு குடுக்கும்னும் படிச்சிருக்கோம், அப்போ அது குடுக்கிற ஆளா இழுக்கிற ஆளா? நைட்ரோ சிக்மா, பை ரெண்டு வழியிலயும் இழுக்கும், ஆனா கோணம் ரெண்டு தொகுதியிலயும் விரியுதே, அப்படின்னா கோணத்துக்கு பை எலக்ட்ரானோட (வளையத்துக்கு மேலயும் கீழயும் பரவி நிக்கிறது) சம்பந்தமே இல்லயா?

படிகக்காரன்:

இந்த கேள்விதான் கேட்கணும்னு எதிர்பார்த்தேன். ஒட்டியிருக்கிற கார்பன்ல வர கோணம் பெரும்பாலும் சிக்மா வழியா நடக்கிற இழுபறி. ஃப்ளூரின் பை வழியில குடுக்குது உண்மை, சிக்மா வழியில பலமா இழுக்குது அதுவும் உண்மை, கோணத்துல சிக்மா ஜெயிக்குது. பை முழுக்க சும்மா இருக்கும்னு சொல்லல, அனிலீனைப் பாரு, நைட்ரஜனோட எலக்ட்ரான் கவர் தன்மைக்கு கோணம் நல்லா 120-க்கு மேல போயிருக்கணும், ஆனா 119 பக்கம்தான் நிக்குது, ஏன்னா நைட்ரஜன் தன் ஜோடியை வளையத்துக்குள்ள தள்ளுது, அது கோணத்தை சுருக்குற திசையில வேலை செய்யுது. ரெண்டும் சேர்ந்த கணக்குதான் நாம பார்க்கிறது.

இன்னொரு விஷயம், ப்ராஜெக்ட் பசங்க அடிக்கடி மாட்டிக்கிற இடம் இது. எக்ஸ்-ரேல வர பிணைப்பு நீளத்தை டிஎஃப்டி நீளத்தோட நேரா வெச்சு ஒப்பிட்டுட்டு "0.01 வித்தியாசம், தியரி தப்பு"ன்னு எழுதாதீங்க. படிகத்துக்குள்ள மூலக்கூறு ஆடிக்கிட்டே இருக்கு, அந்த ஆட்டத்துல அணுவோட சராசரி இடம் உள்ள தள்ளித் தெரியும், பிணைப்பு நிஜத்தை விட குட்டையா வரும். ஹைட்ரஜன் விஷயத்துல இன்னும் மோசம், எக்ஸ்-ரே எலக்ட்ரானைத்தான் பார்க்குது, ஹைட்ரஜனோட ஒத்த எலக்ட்ரான் கார்பன் பக்கம் சாய்ஞ்சிருக்கு, அதனால 1.08 இருக்க வேண்டியது 0.95-ன்னு வரும். கோணங்கள் இந்த ஆட்டத்துக்கு அவ்வளவு அசையாது, அதான் நாங்க கோணத்தை அதிகமா நம்புறது.

செந்தாமரை_கணிப்பு:

கோணத்துக்கு அண்ணன் தெளிவா சொல்லிட்டார், நான் மூணாவது கேள்விக்கு வரேன், எனக்கு அதுதான் முக்கியம்.

தம்பி, கோணம் மாறினதுக்கும் அரோமேட்டிக் தன்மை போனதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு. கோணம் சிக்மா சமாச்சாரம்னு இப்போதான் சொன்னாங்க. அரோமேட்டிக் தன்மை பை எலக்ட்ரான் ஆறும் வளையம் முழுக்க பரவி நிக்கிறதுல இருக்கு. அதை வடிவத்தை வெச்சு அளக்கணும்னா பிணைப்பு நீளத்தைத்தான் பார்க்கணும். அதுக்கு ஹோமான்னு ஒரு எண் இருக்கு, போலந்துல க்ருஷெவ்ஸ்கியும் க்ரிகோவ்ஸ்கியும் 1972-ல கொண்டு வந்தது. இப்போ புழக்கத்துல இருக்கிற கணக்கு இதான்: ஒவ்வொரு கார்பன்-கார்பன் நீளமும் 1.388-ல இருந்து எவ்வளவு விலகுதுன்னு பாரு, விலகலை வர்க்கம் எடு, ஆறையும் சராசரி பண்ணு, 257.7-ஆல பெருக்கு, ஒண்ணுல இருந்து கழி. ஒழுங்கா பரவியிருந்தா விடை 1-ஐ ஒட்டி வரும், ஒத்தை ரெட்டை ஒத்தை ரெட்டைன்னு பிரிஞ்சு நின்னா 0-க்கு இறங்கும். 1.467-ம் 1.349-ம் மாறி மாறி போட்டு நீயே பண்ணிப் பாரு, கிட்டத்தட்ட சரியா 0 வரும், 257.7-ங்கிற எண்ணையே அதுக்காகத்தான் அப்படி வெச்சிருக்காங்க.

இப்போ உன் நைட்ரோபென்சீன் நீளங்களைப் போடு. 0.98-க்கு கீழ இறங்காது. டொலுயீன், ஃபீனால், அனிலீன் எதைப் போட்டாலும் அதே கதைதான். ஒரே ஒரு தொகுதியை ஒட்டி பென்சீனோட அரோமேட்டிக் தன்மையை அசைக்க முடியறதில்ல, வளையம் வளைஞ்சு நெளிஞ்சு குடுக்குமே தவிர அதை விட்டுக் குடுக்காது. எனக்கு பென்சீன் மேல இவ்வளவு பிரியம் வந்ததுக்கு காரணமே இதான்.

ரெண்டு தொகுதி எதிரும் புதிருமா நின்னா கொஞ்சம் அசையும். பாரா-நைட்ரோஅனிலீனை எடுத்துக்கோ. ஒரு பக்கம் அமினோ தள்ளுது, நேர் எதிர்ல நைட்ரோ இழுக்குது, எலக்ட்ரான் ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு வளையத்தைத் தாண்டிப் போகப் பார்க்குது. அப்போ வளையம் குயினோன் சாயல் எடுக்கும், பக்கவாட்டுல இருக்கிற ரெண்டு பிணைப்பும் குட்டையாகி 1.37 பக்கம் போகும், அமினோவை ஒட்டினது 1.41 பக்கம் நீளும், நைட்ரோவை ஒட்டினது 1.39 பக்கம். இந்த மூணையும் ரெண்டு ரெண்டா போட்டு கணக்கு பண்ணினா 0.93 வருது. பாட்டரி மாதிரி ரெண்டு முனையிலயும் மாட்டி இழுத்தும் அவ்வளவுதான் இறங்குது. ஒப்பிட்டுப் பார்க்க நிஜ குயினோன் வேணும்னா பாரா-பென்சோகுயினோன் இருக்கு, அதுல ரெட்டைப் பிணைப்பு 1.34, ஒத்தைப் பிணைப்பு 1.48, அங்க வளையம் பென்சீனே இல்ல.

யாழ்_இரசாயனம்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஏ.எல். பிள்ளையளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறன். உங்கட பக்கம் உடனிசைவு எண்டு சொல்லுறதை, அதாவது இலத்திரன் ஒரு இடத்தில நிக்காமல் பரவுறதை, நாங்கள் பரிவு எண்டுதான் சொல்லுறது, பதிலீடு எங்களுக்கு பிரதியீடு, எலக்ட்ரான் எங்களுக்கு இலத்திரன். அதால நான் எங்கட சொல்லிலயே எழுதுறன், உங்களுக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன்.

கேத்திரகணிதத்துக்கும் பரிவுக்கும் உள்ள தொடர்பை கணினி இல்லாமலே காட்டலாம், நான் ஒவ்வொரு வருசமும் வகுப்பில இதைத்தான் கேக்கிறது. பினோலின்ர பிகேஏ 10 (இந்த எண் குறைஞ்சால் அமிலத்தன்மை கூட எண்டு அர்த்தம்). நாலாம் இடத்தில நைத்திரோ போட்டால் 7.15-க்கு இறங்குது, ஏனெண்டால் ஒட்சிசனில வாற மறை ஏற்றத்தை நைத்திரோ வளையத்துக்குள்ளால இழுத்து தன்னில வைச்சிருக்குது. சரி, இப்ப ரெண்டு மெதைல் சேர்ப்பம். 2-ம் 6-ம் இடத்தில, அதாவது ஓஎச்சுக்கு ரெண்டு பக்கமும் போட்டால் 7.22, ஒண்டும் பெருசா மாறேல்லை. அதே ரெண்டு மெதைலை 3-ம் 5-ம் இடத்தில, அதாவது நைத்திரோவுக்கு ரெண்டு பக்கமும் போட்டால் 8.25. ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, இடம் மட்டும்தான் மாறினது, ஆனால் அமிலத்தன்மை பத்து மடங்குக்கு மேல குறைஞ்சு போச்சுது. ஏன்?

பிள்ளையள் உடன "மெதைல் இலத்திரன் குடுக்குது சேர்" எண்டுவினம். குடுக்கிறதெண்டால் 2, 6-லயும் குடுக்கத்தானே வேணும். காரணம் இடம். நைத்திரோவுக்கு பக்கத்தில ரெண்டு மெதைல் நிண்டால் நைத்திரோவால வளையத்தின்ர தளத்தில படுத்திருக்க ஏலாது, திரும்பி நிக்கும். திரும்பினால் அதின்ர பி ஓபிற்றலும் வளையத்தின்ர பி ஓபிற்றலும் மேற்பொருந்தாது, பரிவு அறுந்து போகும், மறை ஏற்றம் ஒட்சிசனிலயே தேங்கும். இதுக்கு சாட்சி வேணுமெண்டால் நைத்திரோவுக்குப் பதிலா சயனோ போட்டுப் பாருங்கோ. 4-சயனோபினோல் 7.95. அதில 3-ம் 5-ம் இடத்தில மெதைல் போட்டால் 8.21 மட்டும்தான். சயனோ ஒரு நேர்கோடு, குச்சி மாதிரி, திரும்பினால் என்ன திரும்பாட்டில் என்ன. இந்தக் கடைசி ரெண்டு எண்ணையும் பலகையில எழுதி முடிக்கேக்க பிள்ளையளின்ர முகத்தில வாற வெளிச்சத்துக்காகவே நான் இந்தத் தொழிலில இருக்கிறன்.

நெட்_தயாரிப்பு:

சேர், இந்த கேள்வி பழைய வினாத்தாள்கள்ல பார்த்திருக்கேன், கொள்ளிடத் தடைன்னு ஒரு வார்த்தையில எழுதிட்டு போயிடுவோம், சயனோ பக்கம் யாரும் சொல்லிக் குடுத்ததே இல்ல. ரொம்ப நன்றி.

பழைய_பாடநூல்:

நான் கல்லூரியில முப்பது வருஷம் கரிம வேதியியல் நடத்திட்டு ஓய்வு பெற்றவன். இளையவங்க இவ்வளவு ஆர்வமா பேசறதைப் பார்க்க சந்தோஷமா இருக்கு. ஒழுங்கான அறுகோணம்னு நமக்கு எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அந்த வரலாறே பதிலீடு ஆன பென்சீன்களோட வரலாறுதான், வெறும் பென்சீனோடது இல்ல.

1825-ல ஃபாரடே பென்சீனைப் பிரிச்சார். 1865-ல கெகுலே வளையம்னு சொன்னார். சொன்ன உடனே வந்த சிக்கல் என்னன்னா, ஒத்தை ரெட்டை மாறி மாறி இருந்தா ஆர்த்தோ சேர்மம் (ரெண்டு தொகுதி அடுத்தடுத்த கார்பன்ல நிக்கிறது) ரெண்டு விதமா இருக்கணும், ரெண்டு தொகுதிக்கும் நடுவுல ரெட்டைப் பிணைப்பு இருக்கிறது ஒண்ணு, ஒத்தைப் பிணைப்பு இருக்கிறது ஒண்ணு. ஆனா எவ்வளவு தேடினாலும் ஒரே ஒரு ஆர்த்தோதான் கிடைச்சுது. அதுக்காகத்தான் 1872-ல ரெட்டைப் பிணைப்பு இடம் மாறிக்கிட்டே இருக்குன்னு கெகுலே விளக்கம் குடுத்தார். 1932-ல லெவினும் கோலும் செஞ்ச ஆர்த்தோ-சைலீன் சோதனை எனக்கு ரொம்ப பிடிச்சது. ஓசோன் விட்டு வளையத்தை ரெட்டைப் பிணைப்புள்ள இடத்துல எல்லாம் உடைச்சாங்க. முதல் கெகுலே அமைப்பு மட்டும் இருந்தா டைஅசிட்டைல் ஒண்ணு, கிளையாக்சால் ரெண்டு வரணும். ரெண்டாவது மட்டும் இருந்தா மெத்தில்கிளையாக்சால் ரெண்டு, கிளையாக்சால் ஒண்ணு. கிடைச்சது கிளையாக்சால் மூணு, மெத்தில்கிளையாக்சால் ரெண்டு, டைஅசிட்டைல் ஒண்ணுங்கிற விகிதம். ரெண்டு அமைப்பும் பாதிப் பாதியா இருந்தா என்ன வருமோ அப்படியே. வளையத்துல ஒட்டின அந்த ரெண்டு மீத்தைலும் அடையாளக் குறி மாதிரி நின்னதாலதான் இதைக் கண்டுபிடிக்கவே முடிஞ்சுது, வெறும் பென்சீனை உடைச்சா கிளையாக்சால் மட்டும்தான் வரும், எதுவும் தெரியாது.

வடிவத்தை முதல்ல கண்ணால பார்த்த மாதிரி காட்டினவங்க கேத்லீன் லான்ஸ்டேல். 1929, லீட்ஸ். அவங்க எடுத்ததும் பென்சீன் இல்ல, ஆறு பக்கமும் மீத்தைல் போட்ட ஹெக்ஸாமீத்தைல்பென்சீன். பென்சீன் அறை வெப்பத்துல திரவம், இது நல்ல படிகமா நிக்கும். அங்க வேதியியல் பேராசிரியரா இருந்த இங்கோல்டுதான் படிகத்தைக் குடுத்தார். அது வரைக்கும் பென்சீன் வளையம் வைரத்துல இருக்கிற மாதிரி மடிஞ்சு மேடு பள்ளமா இருக்கும்ங்கிற எண்ணம் பலமா இருந்துச்சு, எக்ஸ்-ரே படிக ஆய்வு முன்னோடி பெரியவர் ப்ராக்குக்கும்கூட. கணினி கிடையாது, கையாலேயே கணக்கு போட்டு வளையம் தட்டைன்னு காட்டிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஹெக்ஸாகுளோரோபென்சீனும் பண்ணினாங்க. ஹக்கல் தன்னோட எலக்ட்ரான் கணக்கை எழுதினது 1931, அதாவது அளவு முதல்ல வந்துச்சு, விளக்கம் பின்னால வந்துச்சு.

படிகக்காரன்:

சார், கண்ணு கலங்குது. இதுல ஒண்ணு சேர்க்கணும், ஆறு பக்கமும் ஒரே தொகுதி இருந்ததால கோணத்துல இழுபறி எல்லா மூலையிலயும் சமமாகி 120-ஐ ஒட்டியே வந்திருக்கு. அதுக்கு பதிலா ஒத்தை தொகுதி ஒட்டின வளையத்தை முதல்ல துல்லியமா அளந்திருந்தா ஒழுங்கான அறுகோணம்ங்கிற நம்பிக்கை இவ்வளவு கெட்டியா ஆகியிருக்குமான்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

செந்தாமரை, ஹோமா விஷயத்துல எனக்கு உங்களோட முழு சம்மதம். நீளம் சமமா இருந்தா அரோமேட்டிக், மாறி மாறி வந்தா இல்ல, இது எங்களுக்கு அளக்கக் கூடிய அளவுகோல், நிக்ஸ் (வளையத்துக்கு நடுவுல காந்த மறைப்பைக் கணக்கு போடற எண்) மாதிரி கணினிக்குள்ள மட்டும் இருக்கிற எண் இல்ல.

செந்தாமரை_கணிப்பு:

அங்கதான் அண்ணா நான் உங்களோட மல்லுக்கு நிக்கணும். நீளம் சமமா இருந்தாலே அரோமேட்டிக்னு வெச்சுக்கிட்டா ட்ரைஅமினோட்ரைநைட்ரோபென்சீனை என்ன பண்ணுவீங்க? மூணு அமினோ மூணு நைட்ரோ மாறி மாறி, ஆறு பக்கமும் ஆள் நிக்குது, வெடிமருந்து, ஆனா தட்டினாலும் சுட்டாலும் லேசுல வெடிக்காத ரகம். படிக அமைப்பு 1965-லயே வந்துடுச்சு. வளையத்துல ஆறு பிணைப்பும் கிட்டத்தட்ட சமம்தான், ஆனா சராசரி 1.442. பென்சீன்ல 1.39 எங்க, இது எங்க. அமினோ பக்கம் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு 1.31-க்கு குட்டையாகி ரெட்டைப் பிணைப்பு சாயல்ல நிக்குது, அதாவது பை எலக்ட்ரான் வளையத்தை விட்டு வெளியில பிணைப்புக்குப் போயிருக்கு. ஹோமா போட்டா 0.25 வருது. ஒழுங்கான அறுகோணம், ஆனா அந்த எண்ணுல கால்வாசி பென்சீன். நம்ம நைட்ரோபென்சீன் கோணல் அறுகோணம், ஆனா 0.98-க்கு மேல. இந்த ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சா தம்பியோட கேள்விக்கு பதில் அங்கயே இருக்கு.

இப்போ எதிர்ப்பக்கம் வாங்க. 1995-ல சீகல் குழு ஒரு பென்சீன் பண்ணினாங்க, வளையத்தோட மூணு பக்கத்துலயும் சின்ன கூண்டு மாதிரி இரட்டை வளையத்தைக் கோத்தது. அந்த கூண்டு கோணத்தை உள்ள இழுத்து முறுக்கினதுல நீளம் 1.438, 1.349, 1.438, 1.349-ன்னு அப்பட்டமா மாறி மாறி வந்துடுச்சு. ஹோமா 0.48. கெகுலே வரைஞ்ச படம் நேர்ல வந்து நின்ன மாதிரி. ஆனா காந்தப்புலத்துல கணக்கு பண்ணினா வளைய மின்னோட்டம் (பை எலக்ட்ரான் வளையத்தைச் சுத்தி ஓடறது) பென்சீன்ல ஓடற மாதிரியே ஓடுது. நீளத்தை மட்டும் நம்பினா இதை அரோமேட்டிக் இல்லன்னு தள்ளியிருப்பீங்க.

படிகக்காரன்:

ஒத்துக்கிறேன், நான் எழுதினது ரொம்ப அவசரமான வாக்கியம். ஆனா சீகலோடது சிக்மா சட்டத்தை வெளியில இருந்து கயிறு கட்டி இழுத்த கேஸ். பை எலக்ட்ரானே பிரிஞ்சு நிக்கணும்னு விரும்பின கேஸ் வேற இருக்கு. 1986-ல ஃபோல்ஹார்ட் பண்ணின நட்சத்திர ஃபீனைலீன். நடுவுல ஒரு ஆறு வளையம், அதைச் சுத்தி மூணு நாலு-வளையம், அதுக்கு வெளியில மூணு பென்சீன். நாலு-வளையத்துக்குள்ள நாலு பை எலக்ட்ரான் சுத்துறது கெடுதல், அதைத் தவிர்க்கறதுக்காக நடு வளையம் தன் ரெட்டைப் பிணைப்பை நாலு-வளையத்துக்கு வெளியில இருக்கிற பக்கமா ஒதுக்கி நிறுத்திடுது. நீளம் 1.33 பக்கமும் 1.50 பக்கமும். இங்க நடு வளையத்துக்கு ஹைட்ரஜன் சேர்க்கறதும் சுலபம், சாதாரண பென்சீன் அப்படி மசியாது. இதை மட்டும்தான் நான் மனசார சைக்ளோஹெக்ஸாட்ரையீன்னு கூப்பிடுவேன். நீளமும் சரி காந்த அளவும் சரி வேதிவினையும் சரி மூணும் ஒரே பதிலைச் சொல்லுது. மூணும் ஒத்துப் போகாத இடத்துல எதை நம்புறதுன்னுதான் நம்ம சண்டையே.

யாழ்_இரசாயனம்:

வேதிவினை எண்டு வந்தபடியால் சக்தியை மறக்கக் கூடாது. வட்டஎக்சீனுக்கு ஐதரசன் சேர்த்தால் மூலுக்கு 120 கிலோயூல் கிட்ட வெப்பம் வரும். மூண்டு இரட்டைப் பிணைப்பெண்டால் 360 வர வேணும். பென்சீனுக்கு வாறது 208. அந்த 150 கிலோயூல்தான் பென்சீன் பிரதியீட்டை விரும்பி, சேர்க்கையை மறுக்கிறதுக்கு காரணம். வடிவம் நெளிஞ்சாலும் நைத்திரோபென்சீனும் ரொலுயீனும் இண்டைக்கும் பிரதியீடுதானே செய்யினம்.

பழைய_பாடநூல்:

காந்த அளவு கணினிக்குள்ள மட்டும் இருக்கிற எண்ணுன்னு மேல ஒரு வரி வந்துச்சு, அதைப் பத்தி சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. கணினியே இல்லாத காலத்துல அதைக் கையால அளந்தவர்ல முக்கியமானவர் நம்ம ஆள். கே.எஸ். கிருஷ்ணன். 1898-ல வத்திராயிருப்புல பிறந்தவர். ராமனோட சேர்ந்து ஒளிச்சிதறல்ல வேலை செஞ்சவர்னு மட்டும்தான் பெரும்பாலும் சொல்லுவாங்க. அவர் டாக்காவுல இருந்தப்போ ஆரம்பிச்ச வேலை படிகங்களோட காந்த குணம். சின்ன படிகத்தை மெல்லிசான குவார்ட்ஸ் இழையில தொங்க விட்டு, காந்தப்புலத்துக்குள்ள வெச்சு, இழையை முறுக்கிக்கிட்டே போய் படிகம் எப்போ புரண்டு திரும்புதுன்னு பார்க்கிற முறை. பென்சீன் வளையம் மாதிரி தட்டையான அரோமேட்டிக் மூலக்கூறுல, தளத்துக்கு செங்குத்தா காந்தப்புலம் வந்தா டயா காந்த குணம் (புலத்தை எதிர்க்கிற குணம்) ரொம்ப அதிகமாவும், தளத்தோட ஒட்டி வந்தா குறைவாவும் இருக்கும், பை எலக்ட்ரான் வளையத்தைச் சுத்தி ஓட முடியறதால. அதை வெச்சு படிகத்துக்குள்ள மூலக்கூறு எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுத்திருக்குன்னு சொல்லிட்டார், எக்ஸ்-ரே கணக்கு அன்னிக்கு எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க, இது அதுக்கு பெரிய துணையா இருந்துச்சு. 1936-ல லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்தே இந்த விஷயத்துல ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க, படிகங்களோட டயா காந்த குணத்தையும் மூலக்கூறு அமைப்பையும் இணைச்சு. தட்டைன்னு காட்டினவங்களும், அந்தத் தட்டுல எலக்ட்ரான் எப்படி ஓடுதுன்னு இழையில தொங்க விட்டு அளந்தவரும் ஒரே தாள்ல. செந்தாமரையும் படிகக்காரனும் இப்போ பேசிக்கிறது அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கே சேர்ந்து பார்த்த விஷயம்.

வளையம்_தேடி:

சார், நான் இருக்கிற இடத்துல இருந்து வத்திராயிருப்பு பஸ்ல போற தூரம்தான். பி.எஸ்சி, எம்எஸ்சி அஞ்சு வருஷத்துல என்எம்ஆர் எத்தனை தடவ படிச்சிருப்பேன், பென்சீன் ஹைட்ரஜன் 7.3-ல ஏன் வருதுன்னு வளைய மின்னோட்டம் படம் எத்தனை தடவ வரைஞ்சிருப்பேன், யாரும் இவர் பேரைச் சொன்னதே இல்ல.

எல்லாரும் சொன்னதை வெச்சு நேத்து ராத்திரி உட்கார்ந்துட்டேன். படிகக்காரன் அண்ணா சொன்ன மாதிரி நைட்ரோபென்சீன்ல பக்கத்து கார்பனைப் பார்த்தேன், 118.6. ஆறு கோணமும் கூட்டினா 720, இத்தனை நாள் அதைக் கூட்டிப் பார்க்கணும்னே தோணல. ஹோமா 0.98-க்கு மேலதான். யாழ் சேர் குடுத்த ரெண்டு நைட்ரோபீனாலையும் ஓட்டினேன், 2,6-ல நைட்ரோ வளையத்தோட தட்டையா படுத்திருக்கு, 3,5-ல தளத்தை விட்டு நல்லாவே திரும்பி நிக்குது, கார்பன்-நைட்ரஜன் பிணைப்பும் 3,5-ல நீளமா இருக்கு. இதுல கேக்க மறந்துட்டேன், பிகேஏ ஒப்பிடணும்னா ஹைட்ரஜன் போன எதிர்மின் அயனியைத்தானே ஓட்டணும், நான் நடுநிலை மூலக்கூறைத்தான் ஓட்டியிருக்கேன், அயனியில நைட்ரோ இன்னும் தட்டையா படுக்க முயற்சி பண்ணுமா?

செந்தாமரை_கணிப்பு:

ஆமா தம்பி, அயனியில இழுப்பு அதிகம், மீத்தைலோட முட்டிக்கிட்டே தட்டையாகப் பார்க்கும், நடுநிலையை விட திருப்பம் குறையும். அந்த ரெண்டு திருப்பத்தையும் பக்கத்துல பக்கத்துல டேபிள் போடு. எதிர்மின் அயனிக்கு பேசிஸ் செட்ல டிஃப்யூஸ் ஃபங்ஷன் (கருவை விட்டு தூரமா பரவுற எலக்ட்ரானுக்கானது) சேர்க்க மறந்துடாத, கரைப்பான் தண்ணின்னு மாடல் போடு, வெறும் வெற்றிடத்துல ஓட்டினா குயினோன் சாயல் நிஜத்தை விட அதிகமா காட்டும். சயனோ ரெண்டையும் சேர்த்து ஓட்டு, ஒப்பிட அது வேணும்.

யாழ்_இரசாயனம்:

தம்பி, முடிஞ்சால் அந்தத் திரும்பின நைத்திரோவின்ர படத்தை பக்கவாட்டில இருந்து பார்க்கிற மாதிரி எடுத்துப் போடுங்கோ. நான் இவ்வளவு நாளும் பலகையில கையால கீறித்தான் காட்டினது. அடுத்த கிழமை வகுப்பில உங்கட படத்தைக் காட்டிப் படிப்பிக்கிறன்.

வளையம்_தேடி:

கண்டிப்பா சேர். அயனி ரெண்டும் இப்போ ஓடிக்கிட்டு இருக்கு, லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடும். காலையில நாலு படமும் சேர்த்தே போடறேன்.